ஊரை விட்டுப் போன முதல் பட்டதாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

பெங்களூரிலும் ஓசூரிலும் சென்னையிலும் கோவையிலும் வேலையில் இருக்கும் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்து முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு,

வணக்கம்.

நான் பென்னாகரம் வட்டாரத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியை. பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் எடுக்கிறேன். இந்த மடலை மாவட்ட ஆட்சியருக்கோ கல்வித் துறைக்கோ எழுதியிருக்கலாம். அவர்களிடம் கேட்க வேண்டியவையும் உண்டு, அவற்றைக் கேட்க வேண்டிய கூட்டங்களில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் என் வகுப்புப் பிள்ளைகளுக்கு இன்று இருக்கும் குறையில் பெரும்பகுதி அரசாணையால் தீரக்கூடியது அல்ல. விஷயம் தெரிந்த ஒரு மனிதர் பக்கத்தில் இல்லாத குறை அது. அதைத் தீர்க்க உங்களால்தான் முடியும்.

நான் கேட்பது இதுதான். உங்களில் ஒவ்வொருவரும், பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் ஒரே ஒரு பிள்ளைக்கு, நவம்பர் மாதத்திலிருந்து அந்தப் பிள்ளை கல்லூரியில் முதல் செமஸ்டர் முடிக்கும் வரை துணையாக இருக்க வேண்டும். நன்கொடை கேட்கவில்லை. மேடையில் வந்து பேசச் சொல்லவில்லை. ஒரு பிள்ளை, ஏறக்குறைய ஓராண்டு, வாரத்துக்கு ஒரு தொலைபேசிப் பேச்சு, இடையில் தேவைப்படும்போது ஓரிரு நாள் விடுப்பு. அவ்வளவுதான்.

ஏன் உங்களைக் கேட்கிறேன்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தருமபுரி. மாநிலம் 80 விழுக்காட்டைத் தாண்டியிருந்தபோது நாம் 68.5-இல் இருந்தோம். கிருஷ்ணகிரி 71-ஐ ஒட்டி நின்றது. அன்று எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று பதிவானவர்களில் பலர் இன்று என் வகுப்புப் பிள்ளைகளின் தாய் தந்தையர். பிள்ளையைப் படிக்க வைக்க வேண்டும் என்ற ஆசையில் அவர்கள் யாருக்கும் குறைந்தவர்கள் அல்ல. ஆனால் கலந்தாய்வு என்றால் என்ன, கட்-ஆஃப் எப்படிப் போடுகிறார்கள், எந்தச் சான்றிதழை எந்த மாதத்தில் வாங்க வேண்டும் என்பதெல்லாம் பட்டதாரிகள் இருக்கும் வீட்டில் சாப்பிடும்போதே பேச்சோடு பேச்சாகக் காதில் விழுந்துவிடும். நம் பிள்ளைகளின் வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது. நீங்கள் அந்த வீடுகளிலிருந்துதான் போனீர்கள். யாரோ ஓர் ஆசிரியரோ, விடுதியில் மூத்த மாணவரோ, பக்கத்து ஊர் அண்ணனோ சரியான நாளில் சரியான வார்த்தையைச் சொன்னதால் போனீர்கள். அந்த யாரோ ஒருவராக இப்போது நீங்கள் வர வேண்டும்.

உங்களில் பலர் படித்த காலத்தில் இல்லாத உதவிகள் இன்று இருக்கின்றன என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் பழைய கணக்கை வைத்தே பிள்ளைக்குப் பதில் சொல்லிவிடுவீர்கள். ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் தொழிற்படிப்பு சேரும் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை 2010-11 முதல் இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும், உங்களில் நிறையப் பேர் அதில் படித்தவர்கள்தான். அதற்குப் பிறகு 2020-இல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் அது வந்துவிட்டது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசுடையது. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாணவிகளுக்கும், 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாணவர்களுக்கும் படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வருகிறது.

கல்லூரிக்கும் வெகுதூரம் போக வேண்டியதில்லை. பர்கூரிலும் செட்டிக்கரையிலும் அரசுப் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. இரண்டு மாவட்டத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தருமபுரியில் அரசு சட்டக் கல்லூரி 2017-இல் வந்தது. கலைக் கல்லூரி என்றால் தருமபுரி, கிருஷ்ணகிரி மட்டும் அல்ல, அரூர், பென்னாகரம், பாப்பிரெட்டிப்பட்டி, காரிமங்கலம் என்று பக்கத்திலேயே வந்துவிட்டது. டவுன் பஸ்ஸில் பெண் பிள்ளைகளுக்குக் கட்டணம் கிடையாது.

இவ்வளவும் இருந்தும் பிள்ளை நின்றுபோகிறது. எங்கே நிற்கிறது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது வெளியே தெரிவதில்லை. மதிப்பெண் குறைந்ததால் நின்றது, வசதி இல்லாததால் நின்றது என்று மேலோட்டமாகச் சொல்லிவிடுகிறார்கள். நான் பார்த்த வரையில் பல பிள்ளைகள் நிற்பது கைப்பேசியிலும் காகிதத்திலும்தான்.

விண்ணப்பம் எல்லாம் இப்போது இணையத்தில். ஓ.டி.பி. எந்த எண்ணுக்குப் போகிறது? பள்ளிப் பதிவேட்டில் அப்பாவின் எண் இருக்கிறது. அப்பா பெங்களூரில் சென்ட்ரிங் வேலையில் இருக்கிறார். பத்து மணிக்குப் பிள்ளை பிரவுசிங் சென்டரில் காத்திருக்கும்போது அவர் ஆறாவது மாடியில் கம்பி கட்டிக்கொண்டிருப்பார். மாலை அவர் எடுத்துப் பார்த்து எண்ணைச் சொல்லும்போது அதன் நேரம் முடிந்திருக்கும். அல்லது அந்த எண்ணுக்கு ரீசார்ஜ் செய்யாமல் விட்டு, அது வேறு யாருக்கோ போயிருக்கும். மின்னஞ்சல் முகவரியை பிரவுசிங் சென்டர்காரரே உருவாக்கியிருப்பார், கடவுச்சொல் அவருக்குத்தான் தெரியும். ஒதுக்கீட்டு ஆணை அந்த மின்னஞ்சலுக்கு வந்து, ஏற்றுக்கொள்ள வேண்டிய கெடு முடியும் வரை யாரும் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள். இடம் கிடைத்தது தெரியாமலேயே இடம் போய்விடும்.

அடுத்தது பெயர். ஆதாரில் ஒரு எழுத்து, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் ஒரு எழுத்து, வங்கிக் கணக்கில் இனிஷியல் முன்னால், பள்ளிப் பதிவில் இனிஷியல் பின்னால். இது ஒத்துவராவிட்டால் உதவித்தொகை வராது. வங்கிக் கணக்கோடு ஆதார் இணைந்திருக்கிறதா என்று வங்கியில் போய்க் கேட்டால் 'இணைச்சாச்சு' என்பார்கள். ஆனால் அரசுப் பணம் வருவதற்கு அந்த இணைப்பு இன்னொரு படி மேலே, பணப்பட்டுவாடா அமைப்பிலும் பதிவாகியிருக்க வேண்டும். இதைப் பதினேழு வயதுப் பிள்ளை கவுன்டரில் நின்று கேட்டு வாங்கிவருமா? நீங்கள் கூட நின்றால் கால் மணி நேர வேலை.

பிறகு சான்றிதழ்கள். சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று. எல்லாவற்றுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும், பிறகு கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.), வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.), வட்டாட்சியர் அலுவலகம் என்று கடந்து வர வேண்டும். தேர்வு முடிவு வெளியாகும் மே மாதத்தில் வட்டாரத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் விண்ணப்பிக்கிறார்கள். வருமானச் சான்றுக்கு ஓராண்டுதான் உயிர், அதனால் அதை மட்டும் கொஞ்சம் தள்ளி வாங்கலாம். மற்றவற்றை அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே முடித்துவிட முடியும். முதல் பட்டதாரிச் சான்றுக்குப் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து கையெழுத்திடும் உறுதிமொழி வேண்டும். தாத்தா பாட்டி, பெற்றோர், உடன்பிறந்தோர் யாரும் பட்டம் பெறவில்லை என்பதைக் காட்ட வேண்டும். கையெழுத்துப் போட அப்பா ஊருக்கு வருவது எப்போது? பொங்கலுக்கு வருவார், மாரியம்மன் பண்டிகைக்கு வருவார். அந்த நாட்களைப் பிடிக்க வேண்டும்.

சித்தேரி மலையிலும் வத்தல்மலையிலும் இருக்கும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளுக்கும், தளி, அஞ்செட்டிப் பக்கத்து இருளர் பிள்ளைகளுக்கும் இதில் கூடுதல் சுமை. பழங்குடிச் சாதிச் சான்று கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் கொடுக்க வேண்டியது. விசாரணை நடக்கும், பெற்றோரின் சான்று கேட்பார்கள், பெற்றோருக்கே சான்று இருக்காது. இந்தப் பிள்ளைகளில் ஒருவரை நீங்கள் ஏற்பதானால் நவம்பர் கூடத் தாமதம். பதினொன்றாம் வகுப்பிலேயே தொடங்குங்கள். சலித்துக்கொள்ளாமல் அலுவலகத்துக்கு நடக்க ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சட்டமும் படிவமும் தெரிந்திருக்க வேண்டும். ஏற்காட்டுக்குச் சுற்றுலா போகும் சனி ஞாயிறை விட்டு, வேலை நாளில் ஒருநாள் விடுப்புப் போட்டு அரூருக்கு வாருங்கள் என்று உரிமையோடு கேட்கிறேன்.

7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது: ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது. ஆறாம் வகுப்பை மட்டும் பக்கத்திலிருந்த சின்னத் தனியார் பள்ளியில் படித்துவிட்டு வந்த பிள்ளை, பன்னிரண்டில் நல்ல மதிப்பெண் எடுத்தபின் இந்தச் செய்தியை முதன்முதலாகக் கேட்பதை நான் பார்த்திருக்கிறேன். இதை இப்போது ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீடுகளுக்கும் நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட வேண்டும்.

நவம்பரில் தொடங்குங்கள் என்று சொல்வதற்குக் காரணம் இன்னொன்றும் உண்டு. அகில இந்திய அளவிலான நுழைவுத் தேர்வுகளுக்கு விண்ணப்பிக்கும் காலம், நாங்கள் பொதுத் தேர்வுக்குப் பாடம் முடிக்கத் திணறும் காலத்தோடு மோதுகிறது. பொறியியலுக்கான ஜே.இ.இ. முதல் கட்டத் தேர்வு ஜனவரியில். சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வு டிசம்பரிலேயே நடந்துவிடுகிறது. நீட் விண்ணப்பம் பொதுத் தேர்வை ஒட்டி வரும். திருவாரூரில் இருக்கும் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேரக்கூட 2022 முதல் க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். என் வகுப்புப் பிள்ளைகள் இவற்றில் பாதியின் பெயரை மே மாதத்தில்தான் கேள்விப்படுகிறார்கள், அப்போது எல்லாக் கதவும் சாத்தியிருக்கும். திருச்சி என்.ஐ.டி.யில் பாதி இடங்கள் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு என்றோ, ஐ.ஐ.டி.களில் பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கும் ஆண்டு வருமானம் 1 லட்சத்துக்குள் உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கும் கல்விக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி என்றோ சொன்னால் என்னை நம்பாமல் பார்க்கிறார்கள். எல்லாப் பிள்ளைகளும் இந்தத் தேர்வுகளை எழுத வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எழுதலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை அவர்களுக்கு இருக்க வேண்டும், அதற்குத் தேதி தெரிந்திருக்க வேண்டும்.

நான் முதல்வன் திட்டமும், கல்லூரிக் கனவு நிகழ்ச்சியும், எங்கள் பள்ளி ஹைடெக் லேபும் இந்தத் தகவலைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. அவற்றைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மண்டபத்தில் ஆயிரம் பிள்ளைகளோடு உட்கார்ந்து கேட்ட பிள்ளை வீட்டுக்கு வந்ததும் 'இது எனக்குப் பொருந்துமா' என்று கேட்க ஒருவர் வேண்டும். நாற்பது, ஐம்பது பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பாசிரியர் அந்த ஒருவராக இருக்க முடிவதில்லை. முயன்றுகொண்டுதான் இருக்கிறோம்.

இனி வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். படிப்பு விஷயத்தில் நம் ஊர்க் காலண்டர் வேறு, கல்லூரிக் காலண்டர் வேறு என்பதை ஆலோசனை சொல்ல வரும் வெளியூர்க்காரர்கள் புரிந்துகொள்வதில்லை. நீங்கள் புரிந்துகொள்வீர்கள். பொதுத் தேர்வு நடக்கும் மாசி, பங்குனியில்தான் வீட்டு வாசலில் புளி வந்து குவியும். ஓடு உடைத்து, நார் எடுத்து, கொட்டை நீக்கிக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. அம்மாவோடு பிள்ளையும் உட்கார்ந்தால்தான் கணக்கு கட்டும். கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் மே, ஜூனில் கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்காய் இறக்குகிறார்கள், மாங்கூழ் ஆலைகள் ஓடுகின்றன, தினக்கூலி கிடைக்கும் மாதங்கள் அவை. பாலக்கோடு, ராயக்கோட்டையில் தக்காளிக்கு விலை இருந்தால் வீட்டில் எல்லாரும் காட்டில்தான். பிள்ளையிடம் 'நாளைக்கு வா, விண்ணப்பம் போடலாம்' என்று சொல்லும் முன், நாளைக்கு அந்த வீட்டில் என்ன வேலை என்று கேளுங்கள். ஒருநாள் கூலி போகிறது என்பது அங்கே சின்ன விஷயம் இல்லை.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததுமே ஓசூர் கம்பெனிகளின் வண்டி ஊருக்கே வந்து ஆள் எடுக்கிறது. தங்க இடம், சாப்பாடு, மாதச் சம்பளம். கடன் இருக்கும் வீட்டில் இதை எதிர்த்து நீங்கள் வசனம் பேசினால் எடுபடாது, பேசவும் கூடாது. அந்தச் சம்பளத்தில் வீடு கட்டியவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள், தங்கையைப் படிக்க வைத்தவர்கள் இருக்கிறார்கள். தாய் தந்தையிடம் இரண்டு கணக்கையும் நேர்மையாக வையுங்கள். இப்போது கிடைக்கும் சம்பளம் எவ்வளவு, மூன்று வருடம் கழித்து அது எவ்வளவாக இருக்கும், பட்டமோ டிப்ளமோவோ முடித்தால் அதே கம்பெனியில் எந்த வேலைக்குப் போகலாம், படிக்கும் காலத்தில் வீட்டுக்கு ஆகும் செலவு உண்மையில் எவ்வளவு. அரசுக் கலைக் கல்லூரியில் ஓராண்டுக்கு ஆகும் கட்டணத்தைச் சொன்னால் பல பெற்றோர் நம்புவதில்லை. கல்லூரி என்றாலே லட்சக்கணக்கில் ஆகும் என்றுதான் நினைத்திருக்கிறார்கள். நீங்கள் ஓசூரில் வேலை பார்ப்பவரானால் உங்கள் சொல்லுக்கு எடை அதிகம். ஷாப் ஃப்ளோரில் யார் எந்தப் படிப்போடு எங்கே நிற்கிறார்கள் என்பது உங்களுக்குக் கண்ணால் பார்த்துத் தெரியும்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் மனம் பதைக்கத்தான் எழுதுகிறேன். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதும்போது பல பிள்ளைகளுக்குப் பதினேழு வயது. தேர்வு முடிந்து கல்லூரி திறக்கும் வரை உள்ள அந்த மாதங்களில் வைகாசி முகூர்த்தம் வருகிறது, ஆவணி முகூர்த்தம் வருகிறது. அத்தை மகன், மாமன் என்று பேச்சு ஆரம்பிக்கிறது. நம் இரண்டு மாவட்டமும் குழந்தைத் திருமணத்துக்குப் பெயர் வாங்கியவை என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் வகுப்புத் தோழிகளின் முகம் உங்களுக்கு நினைவுக்கு வரும். அதைத் தடுக்க 2006-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, குழந்தைகளுக்கான உதவி எண் 1098 இருக்கிறது. கட்டாயம் ஏற்பட்டால் தயங்காமல் அழைக்க வேண்டும். ஆனால் அதற்கு முன்பே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கூடிய சீக்கிரமே ஒரு கல்லூரியில் இடம் உறுதியாகி, கட்டணம் எவ்வளவு, விடுதி எங்கே, யார் பொறுப்பு என்று அப்பாவுக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டால், கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட வீட்டிலேயே ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. 'சும்மாதானே இருக்கா' என்ற சொல்லுக்கு இடம் இருக்காது. இங்கே தேவைப்படுவது பெண் பட்டதாரிகள். அந்த வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து அம்மாவிடம் பேசுங்கள். விடுதியில் பாதுகாப்பு எப்படி, ராத்திரி எத்தனை மணிக்குக் கதவு பூட்டுவார்கள், உடம்பு சரியில்லை என்றால் யார் பார்ப்பார்கள் என்று அவர் கேட்பார். வாழ்ந்து பார்த்த நீங்கள் சொல்லும் பதிலும், ஆசிரியை நான் சொல்லும் பதிலும் ஒன்றல்ல.

தரகர்களைப் பற்றி எச்சரிக்க வேண்டும். தேர்வு முடிந்த மறுவாரமே வீடு தேடி வருகிறார்கள். மதிப்பெண் பட்டியல் வருவதற்குள் முன்பணம் வாங்கிக்கொண்டு போகிறார்கள். பெங்களூரில் நர்சிங், சேலத்தில் பொறியியல், 'முதல் பட்டதாரி சலுகை எல்லாம் நாங்களே வாங்கித் தருவோம்' என்கிறார்கள். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் அந்தச் சலுகை கிடையாது என்பது பெற்றோருக்குத் தெரியாது. அந்த நர்சிங் கல்லூரிக்கு முறையான அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்கத் தெரியாது. அசல் சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டால் திரும்ப வாங்க முடியாமல் தவிப்பார்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இலேயே அறிவித்திருக்கிறது. இதைத் தெரிந்த ஒருவர் கூடப் போய்க் கேட்டாலே பெரும்பாலும் கதவு திறக்கும். அதைவிட நல்லது, தரகர் வரும் முன் நீங்கள் அந்த வீட்டுக்குப் போயிருப்பது.

பொறியியல் கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் நிரப்பும் இரண்டு மூன்று நாட்கள் மிக முக்கியமானவை. நம் பிள்ளைகள் நான்கைந்து கல்லூரிகளை மட்டும் போட்டுவிட்டு இடம் கிடைக்காமல் நிற்கிறார்கள். நீளமான பட்டியல் போடுவதால் நஷ்டம் ஒன்றும் இல்லை என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். போன ஆண்டு எந்தக் கட்-ஆஃப்பில் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு முடிந்தது என்பது இணையத்தில் இருக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஒரே மாதிரிப் பெயர் உள்ள கல்லூரிகளைக் கல்லூரி எண்ணை வைத்துச் சரிபாருங்கள். உங்கள் படிப்பையே பிள்ளையின் தலையில் கட்டாதீர்கள். எல்லாருக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்பது இப்போது ஊரெங்கும் பேச்சாகிவிட்டது. வரலாறு படிக்க ஆசைப்படும் பிள்ளை இருக்கிறது, வேளாண்மையும் கால்நடையும் நம் மண்ணுக்கு நெருக்கமானவை, டிப்ளமோ முடித்துவிட்டு நேரடியாகப் பொறியியல் இரண்டாம் ஆண்டு சேரலாம். பொதுத் தேர்வில் தவறிய பிள்ளையை விட்டுவிடாதீர்கள். துணைத் தேர்வு எழுதி அதே ஆண்டில் கல்லூரி சேர முடியும். தோற்ற பிள்ளைக்கு ஒருவர் தேவைப்படுவதுபோல வேறு யாருக்கும் தேவைப்படாது.

சேர்ந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கத் தோன்றும். என் அனுபவத்தில் அதற்குப் பிறகு வரும் மூன்று மாதம்தான் கடினமானது. தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கத்துப் பிள்ளைக்கு வீட்டில் தெலுங்கோ கன்னடமோ, பள்ளியில் தமிழ், இப்போது கல்லூரியில் ஆங்கிலம். என்னிடம் அமிலமும் காரமும் தெளிவாகப் படித்த பிள்ளை, அதே பாடத்தை ஆங்கிலத்தில் கேட்டு, தனக்கு ஒன்றுமே தெரியாது என்று முடிவு செய்துகொள்கிறது. முதல் இன்டர்னல் தேர்வில் மதிப்பெண் விழுந்ததும் யாரிடமும் சொல்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிடுகிறது. 'சாப்பாடு ஒத்துக்கல டீச்சர்' என்று காரணம் சொல்லும். அண்ணா பல்கலைக்கழகத்தில் சிவில், மெக்கானிக்கல் இரண்டும் தமிழ் வழியில் 2010 முதல் இருக்கின்றன என்பதும், அரியர் வைத்தவர்கள் பிறகு நன்றாக வந்திருக்கிறார்கள் என்பதும் அந்த நேரத்தில் கேட்க வேண்டிய வார்த்தைகள். உங்களுக்கும் அந்த முதல் செமஸ்டர் நடந்திருக்கிறது. என்ன செய்து தாண்டினீர்கள் என்று அப்போது சொல்லுங்கள். நவம்பரில் சொன்னால் அது வெறும் கதை. கல்லூரி சேர்ந்த முதல் அக்டோபரில் சொன்னால் அதுதான் உதவி.

பணம் கொடுக்கத்தான் வேண்டும் என்று மனம் கேட்டால், இங்கே கொடுங்கள். உதவித்தொகை பல மாதம் கழித்து வரும். டிராஃப்டர், லேப் கோட், விடுதி முன்பணம், பஸ் பாஸ் வரும் வரை பஸ் செலவு ஆகியவை முதல் வாரத்திலேயே கேட்கப்படும். இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய் இல்லாமல் வகுப்புக்குப் போகக் கூச்சப்பட்டு நின்ற பிள்ளைகள் உண்டு. பெரிய தொகைக்குக் கல்விக் கடன் இருக்கிறது. 4 லட்சம் வரை பிணையம் கேட்கக்கூடாது. வங்கி மேலாளர் முன் பெற்றோர் தனியாகப் போய் நிற்பதற்கும் நீங்கள் கூடப் போவதற்கும் வித்தியாசம் இருக்கும்.

சில விஷயங்களைச் செய்ய வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளையோடு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட வேண்டாம். ஆண்களாக இருந்தால் மாணவிகளோடு பேசுவது எப்போதும் பெற்றோரின் கைப்பேசி வழியாக, பெற்றோருக்குத் தெரிந்து இருக்கட்டும். அந்த வீட்டுக்கு அதில் ஒரு நிம்மதி இருக்கிறது, உங்களுக்கும் அது நல்லது. சாதி பார்த்து, உறவு பார்த்துப் பிள்ளையைத் தேர்ந்தெடுக்க வேண்டாம், பள்ளி சொல்லும் பிள்ளையை ஏற்றுக்கொள்ளுங்கள். முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளைதான் வேண்டும் என்று கேட்காதீர்கள். அந்தப் பிள்ளைக்கு எப்படியும் நாலு பேர் வருவார்கள். அறுபது விழுக்காடு எடுத்து, பேசாமல் கடைசி பெஞ்சில் இருக்கும் பிள்ளைக்குத்தான் யாரும் வருவதில்லை. பாதியில் விடுவதாக இருந்தால் தொடங்காதீர்கள். ஒருமுறை நம்பி ஏமாந்த வீடு அடுத்தமுறை யாரையும் உள்ளே விடாது.

எப்படித் தொடங்குவது? பள்ளி மேலாண்மைக் குழுவில் இப்போது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் உண்டு. குழுவில் சேராவிட்டாலும் பரவாயில்லை. தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது பண்டிகைக்கு முதல்நாளோ, பள்ளி திறக்கும் நாளோ உங்கள் பழைய பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியரைப் பாருங்கள். உங்கள் பெயர், கைப்பேசி எண், என்ன படித்தீர்கள், எங்கே வேலை, மாதத்தில் எந்த நாட்கள் ஊரில் இருப்பீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பன்னிரண்டாம் வகுப்பு ஆசிரியர்கள் சேர்ந்து உட்கார்ந்து, எந்தப் பிள்ளைக்கு யார் என்று முடிவு செய்து, பெற்றோரின் சம்மதம் கேட்டு உங்களுக்குச் சொல்வார்கள். முதல் சந்திப்பில் எதிர்காலத்தைப் பற்றிப் பேச வேண்டாம். ஆதார், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், வங்கிப் புத்தகம், சாதிச் சான்று ஆகிய நான்கையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயரைச் சரிபாருங்கள். பிள்ளையின் பெயரிலேயே ஒரு மின்னஞ்சல் உருவாக்கி, கடவுச்சொல்லைப் பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். அம்மாவின் கைப்பேசி எண் எது, அதற்கு யார் ரீசார்ஜ் செய்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்பா அடுத்து எப்போது ஊருக்கு வருவார் என்று கேட்டு, அந்தத் தேதியைக் குறித்துவைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

உங்கள் பள்ளியில் யாரைப் பார்ப்பது என்று குழப்பம் இருந்தால் மேல்நிலைப் பிரிவில் உயர்கல்வி வழிகாட்டியாக ஓர் ஆசிரியர் இருப்பார், அவரைக் கேளுங்கள். இந்த ஆண்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு டிசம்பரில் வருகிறது. அதற்கு முன் வந்தால் எங்களுக்கு வசதி.

அன்புடன்,
அரசு மேல்நிலைப் பள்ளி ஆசிரியை ஒருவர்,
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்